பதினொரு நாள் பதிலி

நெல்லித்தோப்பில் கமலவேணியின் வீடு எது என்று கேட்டால், "மில்லுல சிட்டம் சுத்துதே, அந்த வாய்க்காரியா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். எண்பத்துநான்காம் வருஷத்தில் அவளுக்கு வயது இருபத்தைந்து. ரீலிங் பிரிவில், அதாவது நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டும் இடத்தில், மேஸ்திரிகூட அவளிடம் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசித்துத்தான் வாயைத் திறப்பார். கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு வந்த உறவுக்காரர்கள் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள். பெற்ற தாய் செல்வாம்பாளும் அதே ரீலிங்கில்தான் வேலை பார்த்தாள். அவளுக்குக் கிடைத்த பேச்சைவிட அந்தத் தறுதலை மேஸ்திரிக்குக் கிடைத்த பேச்சு மேல்.

தெருவில் இதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எவனோ ஏமாற்றிவிட்டான் என்பாள் ஒருத்தி, ஜாதகம் அப்படி என்பாள் இன்னொருத்தி. ஒரு மண்ணும் கிடையாது. கமலவேணி கல்லூரியில் ஈட்டி எறிந்தவள். அந்த ஈட்டியை அவள் கையிலிருந்து எப்படிப் பிடுங்கினார்கள் என்று தெரிந்தால், தெருவும் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளும்.

எழுபத்தெட்டில் அவள் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம். அப்போது பாண்டிச்சேரிக் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். அந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அவள் எறிந்த ஈட்டி முப்பத்தாறு மீட்டர் போய்க் குத்தி நின்றது. இரண்டாவதாக வந்தவள் ஆதிலட்சுமி. அதே கல்லூரி, அதே வகுப்பு. அவள் எறிந்தது முப்பத்திரண்டைத் தாண்டவில்லை. முதலாவதாக வந்த கமலவேணிக்குப் பல்கலைக்கழக அணியில் இடம். ஜனவரியில் வடக்கே எங்கேயோ அகில இந்தியப் போட்டி. அங்கே போய் எறிந்துவிட்டு வந்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் உடற்கல்வி ஆசிரியைப் படிப்பில் இடம் நிச்சயம் என்று பி.டி. மாஸ்டர் கலியமூர்த்தி சொல்லியிருந்தார். கமலவேணிக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மில் சங்கு ஊதினால் அரைச் சோற்றில் எழுந்து ஓடாத ஒரு வேலை. அப்பன் இல்லாத வீட்டில் அம்மா ஓடியதைப் பதினாலு வருஷம் பார்த்தவள் அவள்.

அக்டோபரில் செல்வாம்பாளுக்குப் பெரியாஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். லீவு ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது. ரீலிங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி படுத்துவிட்டால் அவள் மகளோ தங்கையோ வந்து அவள் நம்பரில் நின்று சுற்ற வேண்டும். அதற்குப் பெயர் பதிலி. ஆள் நிற்கவில்லை என்றால், பத்து நாள் தாண்டியதும் பேரை அடித்துவிடுவார்கள். கமலவேணி பதினொரு நாள் காலை ஷிப்டு நின்றாள். சங்கு ஊதிய பிறகு மில்லிலிருந்து நேரே மைதானத்துக்கு வந்து எறிந்தாள். கூலி அம்மா பேரில் வந்தது, அம்மாவே வாங்கிக்கொண்டாள். இதை ஒரு உத்தியோகம் என்று அந்தக் குடும்பங்களில் யாரும் நினைப்பதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மகள் குழாயடிக்குப் போவதில்லையா, அந்த மாதிரி.

அதனால்தான் நவம்பரில் தகுதிப் படிவத்தில் "வேலையில் இருப்பவரா, இருந்தவரா?" என்று கேட்ட இடத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொய் எழுதுகிறோம் என்று அவளுக்கு ஒரு நினைப்பும் இல்லை. இதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் அதற்கு முன்பே செய்திருந்தாள். மைதானத்தில் ஒருநாள் ஆதிலட்சுமி அவள் தலைமுடியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து, "இன்னாடி இது, தலகாணியில தூங்குனியா, தலகாணிக்குள்ள தூங்குனியா?" என்று சிரித்தாள். கமலவேணி பெருமையாக எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு நாளைக்கு எத்தனை சிட்டம் சுற்றினாள் என்பது உட்பட.

டிசம்பர் முதல் வாரத்தில் சென்னைக்கு ஒரு மொட்டைப் பெட்டிசன் போனது. கையெழுத்து இல்லை, அவள் மில்லில் நின்ற தேதிகள் மட்டும் சரியாக இருந்தன. கமலவேணி மில் தொழிலாளி, கூலி வாங்குகிறவள், மாணவர் போட்டியில் எறிய அவளுக்குத் தகுதியில்லை என்று. எழுதியது யார் என்று ஆராய ஒரு சி.ஐ.டி.யும் தேவையில்லை. அந்தப் பதினொரு நாள் கணக்கு கல்லூரியில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கலியமூர்த்தி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் விதிப் புத்தகம் கிடந்தது.

"முழுநேரமோ பகுதிநேரமோ, வேலை செஞ்சா எறியக் கூடாதும்மா. மூணு பேர் வெள்ளிக்கிழம விசாரிக்க வராங்க. ஒங்கம்மாவையும் கூட்டியாரச் சொல்லியிருக்காங்க."

"சார், நான் வேலைக்காரி இல்ல சார். அம்மாவுக்குப் பதிலா நின்னேன்."

"அதத்தான் வேலைன்னு எழுதியிருக்கான். நீ மில்லுலேர்ந்து ஒரு கடுதாசி வாங்கியா, இவ எங்க ஆளு இல்லன்னு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார், பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவர் செய்ததைப் பின்னால் சொல்கிறேன்.

கமலவேணி மில்லுக்கு ஓடினாள். டைம் ஆபீசில் வருகைப் பதிவேடு வைத்திருந்தவர் பக்கிரி. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"பதிலிங்கிறவ தொழிலாளியே கெடையாதும்மா. கார்டு இல்ல, நம்பரு இல்ல, ஒண்ணும் இல்ல. ஒங்கம்மா நம்பர்ல நீ நின்ன, அவ்ளோதான்."

"அப்ப அதயே எழுதிக் குடுங்கண்ணே. நான் இங்க வேல செய்யலன்னு."

"எழுதலாம். எழுதுனா, ரிஜிஸ்தர்ல பதிலி மகள்னு போட்டிருக்கிறத அடிக்கணும். அடிச்சா அந்தப் பதினோரு நாளும் ஆள் நிக்கலன்னு ஆவும். ஒங்கம்மா பேரு போயிடும். எழுதட்டுமா, சொல்லு."

அவள் திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது சண்டை இல்லை, கெஞ்சல். கமலவேணி கெஞ்சியதை அந்த வீடு அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகக் கண்டது.

"எம்மா, அவங்க கேட்டா, லீவுல இருந்தேன்னு ஒரு வார்த்த சொல்லு. எனக்குப் பதிலா யாரும் நிக்கலன்னு சொல்லு. போதும்."

"அவங்க மில்லுக்கு எழுதிக் கேட்டா?"

"கேக்க மாட்டாங்கம்மா. மெட்ராசுக்காரங்க, சாயங்காலம் பஸ்ஸ புடிக்கணும் அவங்களுக்கு. நீ சொன்னத எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க."

"நீ கண்டியா?"

"கண்டேன்னே வச்சுக்க. ஒரு பொய்யிம்மா. ஒண்ணே ஒண்ணு."

செல்வாம்பாள் வெகுநேரம் முறத்தில் அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். கமலவேணி அதை நம்பினாள்.

வெள்ளிக்கிழமை பிரின்சிபால் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் சென்னைக்காரர்கள். மூன்றாவது ஆள் உள்ளூர், பிரெஞ்சுக்காரன் காலத்தில் படித்து, பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். கலியமூர்த்தி ஒரு ஓரமாக விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் கமலவேணியைக் கேட்டார்கள். அம்மா லீவில் இருந்தாள், நான் மில்லுக்குள் காலெடுத்து வைக்கவில்லை என்று கூசாமல் சொன்னாள். ஒருத்தர் அதை எழுதிக்கொண்டார். அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அம்மாவை ஒரு பேருக்குக் கூப்பிட்டார்கள்.

செல்வாம்பாள் ஷிப்டு முடிந்த கையோடு, புடவையெல்லாம் பஞ்சாக உள்ளே வந்தாள். வாசலருகிலேயே நின்றாள். பெரியவர் எழுந்து, தாமே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க மதாம். உக்காருங்க. ஆப்பரேஷன் ஆன ஒடம்புன்னு சொன்னாங்க, நிக்காதீங்க."

பிரெஞ்சுக்காரர்கள் சீமாட்டிகளை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அந்த மதாம். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பெரியவர் மெதுவாகக் கேட்டார். "அக்டோபர் மாசம் நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப, ஒங்களுக்குப் பதிலா மில்லுல நின்னது யாரு?"

கமலவேணி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வாம்பாள் மகளைப் பார்க்கவில்லை.

"எம் பொண்ணுதாங்க நின்னுச்சு. பதினோரு நாளும். ஒருநாள்கூட லேட்டு இல்லீங்க. நல்லா சுத்துவா, மேஸ்திரியே சொன்னாரு."

பாவி, அதோடு நிறுத்தினாளா? எத்தனை சிட்டம் என்பதையும் சொன்னாள். கலியமூர்த்தி வாயைத் திறந்திருக்கலாம். இது உத்தியோகம் இல்லை, இந்த ஊர் வழக்கம் இப்படி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷன் மடியில் இருந்த புத்தகத்தை ஒரு பக்கம் புரட்டினார், அவ்வளவுதான்.

பத்து நாளில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. கமலவேணி நூற்பாலை ஊழியர் என்பது விசாரணையில் நிரூபணமானது. பொய்யான உறுதிமொழி தந்ததற்காகப் படிப்பு முடியும்வரை எந்தப் போட்டியிலும் அவள் கலந்துகொள்ளக் கூடாது. முதல் இடம் ரத்து, ஆதிலட்சுமிக்கு மாற்றப்படுகிறது. ஆதிலட்சுமி வடக்கே போய் ஒன்பதாவதாக வந்தாள். சான்றிதழ் ஒன்பதாவதுக்கும் உண்டு. இன்றைக்கு ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறாள், நன்றாக இருக்கட்டும்.

கமலவேணி அந்த மாதமே கல்லூரியை விட்டாள். வகுப்பில் அவளைப் பார்த்து "மில்லுக்காரி" என்று ஒரு குரல் வந்தது. புத்தகத்தை மூடினாள், எழுந்தாள், போய்விட்டாள். அந்த ஈட்டிக்காகத்தான் அவள் வரலாறே படித்தாள்.

ஒரு வாரம் சுருண்டு படுத்திருந்தவள், எட்டாம் நாள் அந்தக் கடிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு மில்லுக்குப் போனாள். பதிலிப் பட்டியலில் என் பேரைச் சேர், எனக்குக் கார்டு கொடு என்றாள். பக்கிரி பழைய பாட்டையே பாடினார். அவள் இந்த மில்லின் ஆளே இல்லையாம், அவளை யாரும் வேலைக்கு வைக்கவே இல்லையாம்.

"நல்லா இருக்குதுங்க ஒங்க ஞாயம்," என்றாள் கமலவேணி. "ஈட்டி எறியப் போனா மில்லுக்காரிங்கறான். மில்லுக்கு வந்தா யாரு நீங்கற. நான் எங்கதான் போயி நிக்கறது?"

கேட்டில் நின்று அவள் கத்திய கத்தில் ரீலிங் பெண்கள் பாதிப்பேர் வெளியே வந்துவிட்டார்கள். தொழிற்சங்கத்து முருகையன் அந்தக் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, இதை விடக் கூடாது என்று தொழிலாளர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். அங்கே ஆறு மாதம் இழுத்தது. மில் தரப்பில் வந்த ஆபீசர் ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண் எங்களிடம் வேலை செய்ததே இல்லை என்றார். கடைசியில் தொழிலாளர் அதிகாரி அந்த ஆங்கிலக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"மூணு பேர் ஒக்காந்து விசாரிச்சு, ஊழியர்னு நிரூபிச்சிருக்காங்க. அதுவும் அந்தப் பொண்ணு இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல. இதுக்கு மேல ஒமக்கு இன்னா சாட்சி வேணும்?"

எழுபத்தொன்பது ஜூன் மாதம் கமலவேணிக்குப் பதிலிக் கார்டு கிடைத்தது. நீல அட்டை, அவள் பேர், அவளுக்கென்று ஒரு நம்பர். வாங்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். செல்வாம்பாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் உண்மையச் சொன்னேன். இல்லன்னா இது ஒனக்குக் கெடச்சிருக்குமா?"

கமலவேணிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, அதனால்தான் எரிந்தது.

"மேஸ்திரிகிட்ட ஒடம்பு நல்லாருக்குதுன்னு தெனமும் பொய் சொல்ற. தெருவுல ஒம் புருஷன் கப்பல்ல இருக்கான்னு பொய் சொல்ற. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்ல ஒனக்கு வாய் வரலியாம்மா? வேல போயிடும்னு அவ்ளோ பயமா? பயந்தேன்னு சொல்லு, விட்டுடறேன்."

செல்வாம்பாள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தேன் என்று ஒரு பொய் சொல்லக் கிடைத்த வாய்ப்பு அது. அப்போதும் அவள் சொல்லவில்லை.

"பயமில்லடி. நீ கேட்ட பொய்யச் சொல்லணும்னுதான் வந்தேன். அந்தப் பெரியவரு எந்திரிச்சு நாற்காலி போட்டாரு. மதாம்னாரு. எம் பொறப்புல எவன் என்ன அப்படிக் கூப்பிட்டான்? அவருகிட்ட போயி எப்படிப் பொய் சொல்றது?"

கமலவேணி அம்மாவைப் பார்த்தபடி நின்றாள். வயிற்றுப்பாட்டுக்காகச் சொன்னாள் என்றுதான் அந்த ஆறு மாதமும் நினைத்து, உள்ளுக்குள் பாதி மன்னித்தும் வைத்திருந்தாள். மீதிப் பாதிக்குத்தான் அன்று சண்டை போட வந்தாள். ஒரு நாற்காலிக்காகவும் ஒரு மதாமுக்காகவும் என்று தெரிந்ததும் மன்னித்த பாதியும் போயிற்று. அம்மா கையிலிருந்த கார்டைப் பிடுங்கிக்கொண்டாள். சோறு போடட்டுமா என்று செல்வாம்பாள் கேட்கக் கேட்க, தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றாள்.