இரண்டும் இடது கை

டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் தோட்டக்காரருக்கு வாங்கிவந்த கையுறைகளை என்னால் மறக்க முடியாது. காகிதப்பூச் செடியின் முள் குத்தாமலிருக்க உள்ளங்கையில் ரப்பர் பூசியவை. மலிவு விலை. ஆனால் எல்லாமே இடது கைக்கானவை!

"ஜோடின்னா ரெண்டு. ரெண்டு இருக்கே சார்!" என்றார் செயலாளர்.

தோட்டக்காரர் பாவம், ஒன்றை வலது கையில் மாட்டிக்கொண்டார். ரப்பர் புறங்கைக்குப் போய்விட்டது. உள்ளங்கையில் வெறும் துணி. முதல் கிளையைப் பிடித்ததுமே முள் துணியைத் துளைத்து இறங்கியது.

"அட்ஜஸ்ட் பண்ணிக்குவான் சார், அச்சா ஆத்மி, நல்ல மனுஷன்" என்று செயலாளர் சிரித்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "உங்களுக்கு ரெண்டு இடது கால் செருப்பு வாங்கித் தரேன். மாட்டிக்கிட்டு ஆபீஸ் போவீங்களா?"

"மூணு கொட்டேஷன் வாங்கி, குறைஞ்ச விலைக்கு எடுத்து, சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்க சொல்லிக்கொடுத்த முறைதானே சார்?"

உண்மைதான். அரசுக் கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவன் நான். எங்கள் அகராதியில் சரிபார்ப்பது என்றால் எண்ணிப் பார்ப்பது. கோபம் இப்போது யார்மீது என்றே தெரியவில்லை.

அன்று மாலை தோட்டக்காரரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஒவ்வொரு கையுறையாகத் தன் கையில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.