கும்பிட்ட குழந்தை

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பாகூர் பக்கம். என் ஆறு மாதப் பேத்தி தூங்கி எழுந்ததும் தலையைக் கவிழ்த்து, இரண்டு கைகளையும் சட்டென்று முன்னால் கொண்டுவருவாள். விட்டுவிட்டுப் பத்துமுறை அப்படிச் செய்வாள். சாமி கும்பிடுகிறாள் என்று வீடே கைதட்டியது. செல்போனில் வீடியோ படம் எடுத்தவன் நான்தான்.

"சிரிப்பே கொறஞ்சி போச்சிப்பா, டாக்டராண்ட காட்டலாம்" என்றாள் மகள்.

"கும்புடற கொழந்தைக்கு இன்னாடி வியாதி?" என்று அடக்கிவிட்டேன். மூன்று வாரம் போனது.

தடுப்பூசி போடப் போனபோது பெருமையாக அந்தப் படத்தைக் காட்டினேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இது வலிப்புங்க. மூளை வளர்ற வயசு. ஒவ்வொரு நாளும் வலிப்பு அதக் கெடுக்குது. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

மகள் குழந்தையை வாரிக்கொண்டு அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

மருந்தில் வலிப்பு நின்றது. கூச்சக்காரனான நான் இப்போது கைக்குழந்தை உள்ள வீடுகளில் அந்தக் கும்பிடு மாதிரியே செய்துகாட்டி, "இப்பிடிப் பண்ணுதா?" என்று கேட்கிறேன். டாக்டரம்மா சொன்னபடி தினமும் பேத்தியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவள் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இதை எழுதும் நாள் ஆவணி ஐந்து.