எங்கள் வழக்கை வாசித்துச் சொன்ன பரமேஸ்வரி மிஸ்

செய்தி வந்த அன்று எங்கள் வெள்ளவத்தை வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் மகள் வசந்தி, அவள் கணவர் ரவி, கால் வருத்தத்தோடு கதிரையில் இருந்த என் தம்பி குலசிங்கம், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் நளாயினி. கனடாவிலிருந்து என் மகனும் வசந்தியின் கைத்தொலைபேசியில் முகம் காட்டிக்கொண்டிருந்தான். அவனையும் இருந்தவர்களோடுதான் சேர்க்க வேண்டும். அவனும் எல்லாம் கேட்டான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பரமேஸ்வரி மிஸ்ஸின் பெறாமகள் என்னை அழைத்து, "சித்தி விடிய நித்திரையிலேயே போயிட்டா, அம்மா" என்றார். நான் அதைச் சத்தமாகச் சொன்னேன். நளாயினி பாவம், ஒன்றும் தெரியாத பிள்ளை, "ஆர் அன்ரி அது? சொந்தமோ?" என்று கேட்டது.

"இல்லையப்பா," என்றாள் வசந்தி. "முந்தி இந்த லேனில இருந்தவ. பேர்த் சேர்ட்டிபிக்கேற் எல்லாம் மொழிபெயர்த்துத் தாறவ."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஓர் உயிரை மீட்டுத் தந்தவருக்கு எங்கள் வீடு சொன்ன வார்த்தை அவ்வளவுதான். கைத்தொலைபேசியில் இருந்த முகம் பக்கத்தில் திரும்பித் தேநீர் குடித்தது. எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி பெறாமகள் கேட்டபோது, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு எழுத வராது என்று சொல்லத்தான் வாய் வந்தது. பிறகு, நான் எழுதாவிட்டால் இது யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று எண்ணி எழுதுகிறேன்.

செல்வி பரமேஸ்வரி இராசநாயகம் அவர்கள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மூன்று மொழியும் அவருக்கு ஒரே மாதிரி வரும். ஓய்வுக்குப் பிறகு எங்கள் லேனில் ஓர் அறை எடுத்து, வெளிநாடு போகிறவர்களின் பத்திரங்களை மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த நாளில் எங்கள் லேனிலிருந்து பறந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய முத்திரையோடுதான் பறந்தார்கள்.

வேலையில் இருந்த காலத்துக் கதை ஒன்றை அவரே சொல்லிச் சிரிப்பார். சாட்சி சொல்ல வந்த ஒரு கிழவி எதிரிக் கூண்டில் நின்றவனைப் பார்த்து, "நீ நாசமாப் போவாய், உன்ர கை புழுக்கும்" என்று கத்தினாராம். மிஸ் நீதவானைப் பார்த்து அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். நீதவான் பேனாவை வைத்துவிட்டு, "இது எனக்கா, மிஸ்?" என்று கேட்டாராம். "இல்லை ஐயா, எதிரிக்கு. ஆனால் நான் உங்களைப் பாத்துத்தானே சொல்லவேணும்!"

"கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அது அவருடைய தொழில். குணமும் அதுதான்.

சண்டையின் கடைசி வருடங்களில் ஒரு விடியற்காலை பொலிசும் ஆமியும் எங்கள் லேனைச் சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் சரியாக இருந்தும் என் மகனை ஏற்றிக்கொண்டு போனார்கள். வசந்திக்கு அப்போது லண்டன் மாப்பிள்ளை பேசி முற்றாகியிருந்தது. பிடிபட்டவனின் தங்கை என்று தெரிந்தால் கலியாணம் குழம்பும். என் தம்பி குலசிங்கம் அன்றே முடிவு கட்டினார்: "பெடியன் துபாய்க்குப் போட்டான் எண்டு சொல்லுங்கோ அக்கா. மிச்சத்தை நான் பாக்கிறன்."

தம்பி வங்கியில் வேலை. அவருடைய கந்தோரில் இணையம் இருந்தது. ஒருவரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது, கேட்டால் வெளியில் வந்துவிடும். அதனால் இணையத்தில் தேடி, தமிழில் இருந்ததை அச்செடுத்து வந்தார். நல்ல தெளிவான தமிழ். கைது செய்தால் ஒரு நாளுக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போகலாம், அதற்குக் காலவரையறை இல்லை. நான் எழுத்துக் கூட்டி வாசித்து, அழுது, சாமிப்படத்தின் கீழே வைத்துக் கும்பிட்டேன்.

அந்தத் தாளைக் கொண்டு பொலிசுக்கும் போனேன். வாசலில் நின்றவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "ஹெட்ட என்ன, அம்மே" என்றார். நாளைக்கு வா என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் அதே நாளைதான்.

"அவசரப்படாதேங்கோ," என்றார் தம்பி. "காலவரையறை இல்லை எண்டு நெற்றில வடிவாக் கிடக்கு. கலியாணம் முடியட்டும். பிறகு வழக்குப் போடுவம்."

இப்படியே கிழமைகள் போயின. வசந்தியின் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் எடுக்க மிஸ்ஸிடம் போனபோது, அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: "துபாயில பெடியன் சுகமோ, இராசம்மாக்கா? இந்த வெயிலுக்க என்ன வேலை?"

"ஏசிக்குள்ளதான் வேலை மிஸ்" என்று தொடங்கினேன். பிறகு சொல்ல முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவருடைய கதிரையில் இருந்து அழுதேன். அவர் எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"எப்ப பிடிச்சவங்கள்?"

சொன்னேன். அவர் முகம் மாறியது.

"என்ன செய்தனீங்கள் இவ்வளவு நாளும்?"

"தம்பி சட்டம் எல்லாம் நெற்றில பாத்து வச்சிருக்கிறார். காலவரையறை இல்லையாம்."

வீட்டுக்கு ஓடிப்போய்த் தாள்களை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் ஒரு பக்கம் வாசித்தார். அடுத்த பக்கத்தில் விரல் நின்றது.

"இராசம்மாக்கா, மாவட்ட ஆட்சியர் எண்டால் ஆர்?"

"ஆரோ பெரிய ஆள்."

"இந்த நாட்டில அப்பிடி ஒருத்தரை எங்கயாவது கண்டனீங்களோ?"

நான் யோசித்தேன். மாவட்டக் கச்சேரியில் அரசாங்க அதிபரைக் கண்டிருக்கிறேன், எங்கள் நாட்டில் மாவட்டத்துக்குப் பெரியவர் அவர்தான். ஆட்சியரைக் கண்டதில்லை.

"இது இந்தியாச் சட்டம். அந்த நாட்டுக்குச் சரி. தமிழில கிடக்கு எண்டாப்போல எங்கட சட்டம் ஆகுமோ? எங்கட நாட்டில அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாசம்தான்."

மாதம் முடிய ஒரு கிழமைகூட இருக்கவில்லை.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைக் காலி வீதியில் இருந்த கொமியூனிகேஷனுக்கு இழுத்துப் போனார். அது வெளிநாட்டுக்குப் பேசவும் இணையம் பார்க்கவும் எல்லோரும் போகிற கடை. "எனக்குத் தெரியும். எண்டாலும் பாத்துப்போட்டுத்தான் சொல்லவேணும். நான் வேலையை விட்டு எவ்வளவு காலம்? இடையில மாத்தியிருந்தால்?"

அவர் தேடிய விதம் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பக்கம் திறந்தவுடன் நடுவில் வாசிக்க மாட்டார். மேலே பார்ப்பார், பிறகு அடிக்குப் போவார். எந்த நாடு, யார் போட்டது, எப்போது போட்டது என்று பார்ப்பார். ஒரு பக்கத்தில் ஒரு சட்டத்தரணியின் பெயர் பெரிதாக இருந்தது, திகதி இல்லை. மூடினார். இன்னொன்று வெளிநாட்டில் இருந்து நம்மவர் யாரோ எழுதியது. "கேள்விப்பட்டோம், அறிகிறோம் எண்டு எழுதியிருக்கு. ஆர் கேள்விப்பட்டது?" அதையும் மூடினார். கடைசியில் அரசியலமைப்பை ஆங்கிலத்தில் கண்டுபிடித்து, திருத்தங்களோடு உள்ளதா என்று பார்த்து, அந்த இடத்தை எனக்குத் தமிழில் வரிவரியாகச் சொன்னார்.

நான் எழும்பினேன். "இருங்கோ" என்றார். "கம்பியூட்டர்ப் பெட்டி சொன்னது மட்டும் காணாது. ஒரு மனிசன் வாயாலயும் கேக்கவேணும்." புதுக்கடை நீதிமன்றத்தில் தன்னோடு வேலை செய்த ஒரு சிங்கள எழுதுநருக்கு அங்கிருந்தே போன் எடுத்தார். "தாமத் மாசயக்த, மாத்தயா?" இன்னும் ஒரு மாதம்தானா என்று கேட்டார். மறுபக்கம் ஓம் என்றது. அதன் பிறகே ஒரு சட்டத்தரணியின் இலக்கத்தை அழுத்தினார்.

அன்று பின்னேரம் நானும் வசந்தியும் இருக்க, தம்பி மிஸ்ஸின் அறைக்கே வந்து சண்டை பிடித்தார்.

"உங்களுக்கென்ன மிஸ், கட்டிக் குடுக்க வீட்டில குமரா குட்டியா? வழக்குப் போட்டால் கோர்ட் பட்டியலில பேர் வரும். லேன் முழுக்கத் தெரியும். இவளின்ர கலியாணம்?"

"பேர் வரும்தான். பேர் வந்தால்தான் ஆள் வருவான். பேர் இல்லாமல் உள்ளுக்க இருக்கிறவனை ஆர் தேடுவினம்?"

"நெற்றில அப்பிடிக் கிடந்தது. நான் என்ன பொய்யே சொன்னனான்?"

"பொய் இல்லை. வேற நாட்டு உண்மை."

தம்பி என்னைப் பார்த்தார். நான் வசந்தியைப் பார்த்தேன். வசந்தி, அப்போது இருந்த வசந்தி, "போடுங்கோ மிஸ்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக, போன மாதம் நளாயினிக்கு அவள் சொன்ன பதிலை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

மனு நேரத்துக்குப் போனது. வழக்குத் தவணை நாட்களில் மிஸ் கூலியில்லாமல் வந்து நீதிமன்ற வாங்கில் என் பக்கத்தில் இருந்து, ஆங்கிலத்தில் நடந்ததை எல்லாம் காதோடு சொல்வார். அரச தரப்பு என் மகனைப் பற்றிக் கூடாத ஒன்று சொன்னது. அதையும் சொன்னார். "அதை விட்டிருக்கலாமே மிஸ்" என்றேன். "நீங்கள் தாய். உங்களுக்குத்தான் முழுக்கத் தெரியவேணும்" என்றார். சில தவணைக்குப் பிறகு, குற்றம் சாட்ட ஒன்றும் இல்லை என்று அவர்களே சொன்னார்கள். மெலிந்து, தாடியோடு, என் பிள்ளை வீட்டுக்கு வந்தான்.

லண்டன் சம்பந்தம் குழம்பியது உண்மை. அந்த வீட்டாரை நான் இன்னும் மறக்கவில்லை, கோயிலில் கண்டால் மற்றப் பக்கத்தால் சுற்றுவேன். ஆனால் பெரிய அடி விழுந்தது மிஸ்ஸுக்கு. "புலிக்கேஸுக்குப் போறவ" என்று லேனில் கதை பரவியது. பத்திரம் கொண்டு வந்தவர்கள் வேறு இடம் தேடினார்கள். வீட்டுக்காரர் அறையைக் கேட்டார். அவர் கொட்டாஞ்சேனையில் பெறாமகளோடு போய் இருந்தார். சாமான் ஏற்றிய அன்று லேனில் எத்தனை யன்னல்கள் சாத்தியிருந்தன என்று எனக்குத் தெரியும். யார் யாருடைய யன்னல் என்றும் தெரியும். முச்சக்கர வண்டியில் ஏறும்போது, "நல்ல வேளை, இஞ்ச ஏறி இறங்க மாடிப்படி கூட" என்று சிரித்தார். ஒரு சொல் குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் என் மகன் அவரிடம் போனான். கனடாவுக்குப் போக, விடுதலைக் கட்டளையையும் மற்ற நீதிமன்றப் பத்திரங்களையும் ஆங்கிலத்தில் எடுக்க வேண்டியிருந்தது. மிஸ் எழுதி, முத்திரை குத்தி, அவன் தலையில் கை வைத்து அனுப்பினார். அந்தத் தாள்களை வைத்துத்தான் அங்கே அவனை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் அவருக்குப் போன் எடுக்கவில்லை. "பெடியன் சுகமோ?" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் மிஸ் என்னிடம் கேட்பார். "உங்களைக் கேட்டவன் மிஸ்" என்று சொல்வேன். அந்தப் பொய்யை அவர் அறிந்திருப்பார்.

செத்த வீட்டில் ஒரு வரிசைக் கதிரைகூட நிறையவில்லை. யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார்கள். எங்கள் ஆட்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அப்போது பின்னால் இருந்து ஒரு முதிய சிங்களவர் கைத்தடியோடு எழும்பி வந்தார். புதுக்கடையில் அன்று போனில் பதில் சொன்ன அதே எழுதுநர். பெட்டியருகே நின்று சிங்களத்தில் நீளப் பேசினார், இடையில் அழுதார். எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியைச் சொல்ல எங்களிடையே ஒருவரும் இல்லை. சொல்லக்கூடியவர் பூமாலையோடு படுத்திருந்தார்.

அன்று இரவு மகனிடம் சொன்னேன்: "மிஸ்ஸின்ர மலரில உன்ர பேரால ஒரு நன்றி போடுவம்."

"உங்களுக்கென்ன விசரா, அம்மா? இப்ப எல்லாத்தையும் நெற்றிலயும் போடுறாங்கள். நாளைக்கு என்ர பேரை அடிச்சால் ஜெயிலும் கேஸும் வரும். பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது. வேணுமெண்டால் காசு அனுப்பிறன், பேர் போடாமல் குடுங்கோ."

அவனுடைய பிள்ளைகள் என் பேரப்பிள்ளைகள். அவர்கள் ஒரு நாள் தேடுவார்கள். தேடினால் உண்மையானது கிடைக்கட்டும். இதை எழுதியவள் இராசம்மா செல்லத்துரை, வெள்ளவத்தை. நான் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறேன்.

மிஸ், உங்களுக்குத் தர எங்களிடம் மரியாதை மட்டும்தான் இருந்தது. அதையும் ஒளித்து வைத்தோம். அமைதியாகப் போங்கள். தம்பி குலசிங்கத்தோடு ஆறு வருடம் கதைக்காமல் இருந்தேன். களுபோவில ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என் கையைப் பிடித்து அழுதபோது மன்னித்துவிட்டேன். யன்னல் சாத்தியவர்களையும் சாகும் முன் விட்டுவிடக்கூடும். ஒருவனை மட்டும் என்னால் முடியாது, நான் பெற்றவன் என்றாலும் முடியாது. அவன் பெயர் செல்லத்துரை சுதாகரன்.