பனியன் துணிக் கொடி

நான் கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியில் ஆயுத பூஜை மதியம் நாடகம் போடுவோம். வருடா வருடம் முருகன் கதைதான். எனக்குப் புளித்துவிட்டது. அந்த வருடம் பழைய பத்திரிகையில் படித்த ஒன்றை நாடகமாக எழுதினேன்.

நூறு வருடத்துக்கும் முன்னால் அமெரிக்காவில் அடிமைகளுக்காக ஒரே நாட்டுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து சுட்டுக்கொண்டார்கள். அதில் ஒரு காலாட்படை கேப்டன். கொடி பிடித்தவன் குண்டடிபட்டு விழுந்ததும் தானே கொடியைத் தூக்கிக்கொண்டு எதிரியின் மதிலில் ஏறினான். பதக்கம் கொடுத்தார்கள். நாடகத்தில் அந்தக் கேப்டன் நான்தான்.

சனம் சிரித்தால் இதுதான் கம்பெனியில் கடைசி நாடகம் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். மேஸ்திரிக்கு நக்கல்.

"ஏனுங்க மாஸ்டர், வெள்ளைக்காரன் ஊட்டுப் பங்காளிச் சண்டை நமக்கெதுக்குங்க?"

"அடிமைன்னா என்னன்னு தெரிஞ்சவனுக்குப் புரியுமுங்க" என்றேன்.

அமெரிக்கக் கொடியைப் பனியன் துணியில் வெட்டி, நட்சத்திரமும் கோடுமாகச் சாயம் போட்டேன். ஓரம் மடித்து அடிக்காத பனியன் துணி பாய் மாதிரி சுருண்டுகொள்ளும். தினமும் அதையே வெட்டுகிற நான், வசனம் திருத்தும் வெறியில் ஓரம் அடிக்க மறந்து தொலைத்தேன்.

மேடையில் கொடிக்காரன் விழுந்தான். பாய்ந்து எடுத்தேன். கொடி சுருட்டிய பாயாகத் தொங்கியது.

"கேப்டன் படுக்கப் போறாருடோய், பாயை எடுத்துட்டாரு" என்று ஒருவன் கத்த, கூட்டமே சிரித்தது. மேஸ்திரி தொடையைத் தட்டிச் சிரித்தான்.

எனக்கு மண்டை கொதித்தது. வலது கையிலிருந்த வாளை வீசி எறிந்தேன். கொம்பைக் கக்கத்தில் இடுக்கி, துணியின் மேல் மூலையையும் கீழ் மூலையையும் பிடித்து இழுத்தேன். பனியன் துணியல்லவா, இழுக்க இழுக்க விரிந்தது. நட்சத்திரமும் கோடும் நெஞ்சை மறைத்து நின்றன. அப்படியே ஓடினேன். எதிரே எதிரிப் படையாக நின்ற சாயப்பட்டறை ஆட்கள் மரத்துப்பாக்கியை நீட்டியபடி பொட்டுவெடி வெடித்தார்கள். நான் நிற்கவில்லை.

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒரு அக்கா எழுந்துவிட்டாள்.

"அய்யோ சாமி, கையில ஒரு கத்திகூட இல்லாமப் போறாரே!"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கேப்டனும் அப்படித்தானே போயிருப்பான்! கொடியைப் பிடித்த கையில் துப்பாக்கி ஏது? மதிலாக அடுக்கியிருந்த துணிப் பேல் மூட்டைகளின் மேல் இரண்டே எட்டில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. எழுதிய வசனம் இல்லை. கூட்டம் மொத்தமும் எழுந்து விசிலடித்தது.

இறங்கியதும் முதலாளி வந்தார். பின்னால் மேஸ்திரி, நான் வீசிய வாளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தான்.

"அடுத்த வருசமும் இதையே போடுங்க மாஸ்டர்" என்றார் முதலாளி. "கொடிக்கு மட்டும் ஓரம் அடிச்சுராதீங்க."