உப்புத் தண்ணி

தர்மபுரிப் பக்கத்தில் உப்புத் தண்ணி என்றால் போர் போட்டு எடுக்கிற தண்ணீர். குளிக்க, துணி துவைக்க, மாடு கழுவ. அது உப்புக் கரிக்காது. வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும், கடைசியில் லேசாகக் கசக்கும். வாளியிலும் குழாயிலும் வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணி என்பது வேறு. அது தெருக் குழாயில் வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியது. என் சின்ன வயதில் குடிக்கவும் உப்புத் தண்ணிதான். பல்லில் ஏறிய காவி இன்னும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் இண்டூரில் பிறந்து கப்பலுக்குப் போனவர். இன்ஜின் அறையில் வேலை. வேலையை விட்டு வந்ததும் நிலம் வாங்கு, கடை வை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் ஹாலில் கடல் மீன் தொட்டி வைத்தார். மீனை விட அவருக்குப் பவளம்தான் முக்கியம். கல்லில் ஒட்டிக்கொண்டு, விளக்குப் போட்டதும் விரிந்து, அணைத்ததும் சுருங்கிக்கொள்ளும் உயிர்கள். வெயில் காலத்தில் அதன் தண்ணீரைக் குளிர வைக்கத் தனி மெஷின். எங்கள் படுக்கையறையில் ஏசி கிடையாது. இதைச் சொல்லிக் காட்டாமல் நான் ஒரு கோடையையும் கடந்ததில்லை.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போய், ஒரே ஒரு சொல் மிஞ்சியது. ஆமா. சிலருக்கு இப்படித்தான் ஒரு சொல் மட்டும் தங்கும், அவர்கள் என்ன சொல்ல நினைத்தாலும் அதுதான் வாயில் வரும் என்று டாக்டர் விளக்கினார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் ஆமா போடாத மனிதர். இப்போது எல்லாவற்றுக்கும் ஆமா. நான் சிரித்தேன், அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அந்த ஒரு வார்த்தைய உட்டுடாதீங்கம்மா. அதப் புடிச்சித்தான் மத்ததெல்லாம் இழுக்கணும். அவர் வாயத் தொறக்கிறத நிறுத்திட்டார்னா, அப்புறம் ரொம்பக் கஷ்டம்." அதற்கு அவரிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அவர் பதில் சொல்ல விரும்பியது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். தொட்டி.

அதனால் நான் தொட்டி பார்க்கக் கற்றுக்கொண்டேன். நாற்காலியை அதன் முன்னால் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, கண்ணாடியில் பாசி சுரண்டினேன், உப்பு அளந்தேன், மருந்துச் சொட்டு விட்டுத் தண்ணீரைச் சோதித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவரைக் கேட்பேன். ஆமா என்று வெட்டினால் சரி. ஆமாஆஆ என்று இழுத்துப் புருவத்தைச் சுருக்கினால் கூடாது. வேகவேகமாக ஆமாஆமா என்றால் கையை எடு, கெடுத்துவிடாதே என்று அர்த்தம். எங்களுக்குள் சண்டைகூட வந்தது, அத்தனையும் ஆமாவிலேயே. ஒருநாள் கோமாளி மீன் பவளத்துக்குள் புகுந்து படுத்ததைப் பார்த்து "மீ" என்றார். அவ்வளவுதான், முழுச் சொல் வரவில்லை. நான் பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

அந்தக் கோடையில் ஏரியூரில் என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேறு ஆள் இல்லை. அவருடைய அக்காவை வரவழைத்தேன். அண்ணி நல்ல மாதிரி. தம்பிக்கு ஊட்டி, துடைத்து, துணி மாற்றி எல்லாம் முகம் சுளிக்காமல் செய்கிறவர். தொட்டிக்கு அதிகம் சொல்லவில்லை. ஒரு சிட்டிகை இரை, தண்ணீர் குறைந்தால் கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகையால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணீர் விட்டால் போதும். அண்ணியிடம் அதை இப்படிச் சொன்னேன்: "நீலக் கேன்ல நல்ல தண்ணி இருக்குதுங்க, அத ஊத்துங்க."

அம்மாவுக்கு ஆபரேஷன் தள்ளிப்போனது. வெயில் ஏறி, நீலக் கேன் தீர்ந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் என் போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. அண்ணி யோசித்திருக்கிறார். தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். இது கடல் மீன், கடல் என்றால் உப்பு. குடிக்கிற தண்ணீருக்கே குழாயடியில் நிற்க வேண்டியிருக்கையில் அதை எவளாவது மீனுக்கு ஊற்றச் சொல்வாளா, அம்மா விழுந்த பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று முடிவு கட்டியிருக்கிறார். அப்போதும் தன் இஷ்டத்துக்குச் செய்யவில்லை. தெரிந்தவரைக் கேட்டார்.

நான் திரும்பி வந்தபோது தொட்டி மோர் கலந்தது போல வெளுத்திருந்தது. வாளியில் படிகிற அதே வெள்ளை, பவளங்களின் மேல் மாவாகப் படிந்திருந்தது. அவற்றின் சதை பிய்ந்து தொங்கியது. இறால் செத்து மூலையில் கிடந்தது. நாற்றம் வாசலுக்கே வந்தது. கோமாளி மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் சுத்தத் தண்ணீர் தயார் செய்து மாற்றுவதற்குள் அதுவும் போய்விட்டது.

"தம்பியக் கேட்டுத்தாம்மா ஊத்துனேன்" என்றார் அண்ணி. "உப்புத் தண்ணிதான ஊத்தணும்னேன். ஆமான்னான். ஒவ்வொரு வாளிக்கும் கேட்டேன். ஆமாஆமான்னு அவசரப்பட்டான், கண்ணுல தண்ணி வந்துச்சி. மீனுங்க மேல இம்புட்டு உசுரா வெச்சிருக்கானேன்னு நெனச்சிக்கிட்டு, சீக்கிரமா இன்னொரு வாளி கொண்டாந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் வாளியை எட்டி உதைத்தேன். ஆனால் அண்ணியை என்ன சொல்லித் திட்டுவது? நோயாளி என்று ஒதுக்காமல், வாளிக்கு வாளி அவரைக் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி செய்தவர். நான்கூட அவரை அவ்வளவு மதித்துக் கேட்டிருப்பேனா தெரியாது. அண்ணிக்கு விஷயத்தை விளக்கியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், ஊருக்குப் போகும்வரை தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் அத்தனை நேரமும் அந்த நாற்காலியில்தான் இருந்தார். வேண்டாம், வேண்டாம் என்று கத்தியிருக்கிறார். கத்தக் கத்த வாளி வந்திருக்கிறது.

கல்லைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடியும் தொட்டியை ஓட விட்டேன். கடைக்காரர் சின்னதாக ஒரு பவளத் துண்டு கொடுத்தார், அது பிடித்துக்கொண்டது. நாற்காலியை முன்னால் போட்டு, "இங்க வைக்கட்டுங்களா? வெளிச்சம் அதிகங்களா?" என்று கேட்டேன். என்னையே பார்த்தார், அந்த ஆமாவும் வரவில்லை. பயிற்சிப் பெண் வந்து பாட்டுப் பாடிப் பார்த்தாள், படம் காட்டிப் பார்த்தாள். தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை என்றாள். இருமுகிறார், தூக்கத்தில் முனகுகிறார், குரல் இருக்கிறது.

இன்றைக்கு மதியம் உதடு காய்ந்து வெடித்திருந்தது. டம்ளரைக் காட்டி, "தண்ணி வேணுங்களா?" என்றேன். கண் டம்ளரிலேயே இருந்தது, தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார்.