பின் சக்கரமும் பின் சீட்டும்

நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காத்திவாக்கத்துக் கரையில் அப்பாவின் கட்டுமரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன், காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் கடை வைத்தேன். அதற்குக் கூரை போட்டேன். புயல் அதைக் கொண்டுபோனது. மறுபடியும் போட்டேன். தண்டையார்பேட்டையில் சிமெண்டுத் தரை போட்ட யார்டு ஒன்று வாங்கினேன். அங்கே தண்ணீர் நிற்கும் என்று எல்லாரும் தடுத்தார்கள். நின்றது. ஐஸ்காரனுக்குத் தண்ணீர் நின்றால் என்ன என்று கேட்டேன். ராயபுரத்தில் மாடி வீடு கட்டினேன். படிக்கட்டை வெளியே வைக்கச் சொன்ன இன்ஜினியரை மதிக்காமல் உள்ளே வைத்தேன், பிறகு வெளியேயும் ஒன்று வைத்தேன். இன்று எந்த வழியாகவும் ஏறலாம். பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தேன். நான் மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படித்தேனா என்பதில் என் மனைவிக்குச் சந்தேகம் உண்டு.

இவ்வளவையும் நான் செய்தது மோட்டார் சைக்கிளில் போய் வந்துதான். கல்யாணம் ஆனதிலிருந்து அதன் பின் சீட்டில் என் மனைவி உட்கார்ந்து வந்திருக்கிறாள். இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு, ஒரு கையால் சீட்டுக் கம்பி, மறு கையால் என் சட்டைக் காலர். வண்டிகள் மாறின, சட்டைகள் மாறின, அந்தப் பிடி மாறவில்லை. சர்ச்சில் பூசைக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் அப்படித்தான். வீட்டில் பேசிக்கொள்ளாத நாட்களிலும் வண்டியில் பேசுவோம். காற்றில் பாதி காதில் விழாது, அதனால் சண்டை வராது.

அந்தச் சீட்டு காலியான கதையைத்தான் எழுதுகிறேன்.

ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவள் மாம்பழ நிறப் பட்டுச் சேலை. மீன்பிடித் துறைமுகத்துத் திருப்பத்தில் முன்னால் ஒரு மீன் வேன் போனது. என் கடையில் ஐஸ் ஏற்றும் வேன்தான். பின் கதவிலிருந்து ஐஸ் உருகின மீன் தண்ணீர் குழாய் திறந்தது போல ஊற்றிக்கொண்டே போனது. அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, செதிலும் கொழுப்பும் கலந்தது. நான் இடது பக்கம் திரும்பினேன். வண்டியின் முன் பாதி என்னோடு திரும்பியது. பின் சக்கரம் வலது பக்கமாக வேறு வேலையாகக் கிளம்பிவிட்டது.

அடுத்த நொடியில் என் கை என்ன செய்தது என்று பிறகு பல நாள் யோசித்தேன். அது காத்திவாக்கத்துக்குப் போய்விட்டது. படகில் சுக்கான் கட்டையை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும். சின்ன வயதில் கற்றது. ரோட்டில் எனக்கு அது நினைவே வராது, ஆனால் பயம் வந்தால் கைக்கு வந்துவிடுகிறது. சுக்கானைத் தள்ளுவது போல ஹேண்டில்பாரை இடது பக்கம் தள்ளினேன். முன் பிரேக்கையும் பிடித்தேன். வண்டி படுத்தது.

எனக்கு முட்டியில் சிராய்ப்பு. என் மனைவிக்கு ஒன்றும் இல்லை. ஏனென்றால் அவள் ரோட்டோரம் இருந்த நெத்திலிக் கூடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தது என்றால் நாற்காலியில் உட்காருவது போல, முதுகு நேராக, கைப்பை மடியில்.

கூடைக்காரம்மா அவளைப் பார்த்து, "எந்திரிம்மே, அது நெத்திலி. குந்தணும்னா அந்தாண்ட வஞ்சிரம் கீது, கெட்டியா இருக்கும்" என்றாள்.

என் மனைவி எழுந்தாள். பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த அவள் தம்பி, என் மச்சான், நிறுத்தினான். அவன் தண்டையார்பேட்டையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஸ்கூட்டரையும் பஸ் போலத்தான் ஓட்டுவான், ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் வேகம் குறைப்பான்.

"இன்னா மாமா, வயசாச்சுன்னா ஷேர் ஆட்டோல போவ வேண்டிதுதான?" என்றான்.

அவள் நேராகப் போய் அவன் ஸ்கூட்டரில் ஏறினாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். "இனிமே உன் பின்னாடி குந்த மாட்டேன்யா" என்றாள். கூடைக்காரம்மா, மீன் வெட்டுகிறவர்கள், ஒரு போலீஸ்காரர் எல்லாரும் கேட்டார்கள்.

கோபம் தணிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தணிந்தது, சரியாகவில்லை. மாதாவுக்கு நேர்ந்துகொண்டவள் போல உறுதியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மச்சான் ஸ்கூட்டர். திருவொற்றியூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு மச்சான் ஸ்கூட்டர். நான் தனியாகப் பின்னாலேயே போவேன், என் காலர் காற்றில் படபடக்கும். சர்ச் வாசலில் ஒருத்தர் விடாமல் விசாரித்தார்கள். "இன்னா, வூட்ல பிரச்சினையா?" என்று பாதிரியாரே கேட்டார், அவர் பாளையங்கோட்டைக்காரர், அவருக்கே எங்கள் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவளுக்கு நம்பிக்கை வர வேண்டுமானால் வண்டி வழுக்கினாலும் நான் விழ மாட்டேன் என்று காட்ட வேண்டும். வழுக்காமல் ஓட்டுகிறேன் என்று சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் ரோடு என்பதே மீன் தண்ணீர், டிரைலர் கொட்டின சேறு, டேங்கர் சிந்தின எண்ணெய் மூன்றும்தான்.

மீன் வேன் டிரைவரைப் பிடித்தேன். நாற்பது வயது ஆள், ஒரு காலைச் சற்றுத் தாங்கி நடப்பான். இளவயதில் மண் தரையில் பைக் பந்தயம் ஓட்டினவன் என்று எனக்குத் தெரியும், அவனே வாரம் ஒருமுறை சொல்வான்.

"நீ ஊத்தின தண்ணீலதான் வுழுந்தேன். நீயே கத்துக் குடு" என்றேன்.

"நைனா, இந்த வயசுல வழுக்கக் கத்துக்கப் போறியா?"

"வழுக்க எனக்குத் தெரியும். வழுக்கினாலும் வுழாம இருக்கணும்."

ஒரு மதியம் யார்டைக் காலி செய்தேன். ஆட்கள் ஐஸ் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கினார்கள். உடைத்த ஐஸைத் தரையில் பரப்பினோம். டிரைவர் தன் வேனிலிருந்து மீன் தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுவந்து ஊற்றினான், கோயிலில் தீர்த்தம் தெளிப்பது போல அவ்வளவு கவனமாக. அந்த வட்டாரத்துப் பூனைகள் எல்லாம் வந்து மதில் மேல் வரிசையாக உட்கார்ந்தன.

பாதுகாப்பு என் பொறுப்பு. கடலில் கற்றது வீண் போகாது என்பது என் கொள்கை. வண்டியின் இரண்டு பக்கமும் வலையில் கட்டும் பெரிய தெர்மோகோல் மிதப்புகளைக் கட்டினேன். விழுந்தாலும் துள்ளி எழும். நான் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டேன், ஹெல்மெட்டும்.

டிரைவர் என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தான். "நைனா, நீ ரோட்ல போறியா, இலங்கைக்குப் போறியா?"

"சொல்லிக் குடு."

அவன் சொன்னது கேட்க எளிது. வழுக்கும்போது பிரேக்கைத் தொடக் கூடாது. ஆக்சிலேட்டரைப் பட்டென்று மூடக் கூடாது, இருக்கிறபடி வைத்திருக்க வேண்டும். கையை இறுக்காமல் விட்டால் முன் சக்கரம் தானே சரியான பக்கம் திரும்பிக்கொள்ளும். வெளிப்பக்கத்துக் கால் மிதியை அழுத்த வேண்டும். கண் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கண் எங்கேயோ வண்டி அங்கே.

முதல் நாள் என் கண் ஐஸ் உடைக்கும் மெஷினில்தான் இருந்தது. புது மெஷின், அதில் மோதிவிடக் கூடாதே என்று அதையே பார்த்தேன். அதில் போய் மோதினேன். மிதப்புகள் வேலை செய்தன என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மெஷினுக்கும் எனக்கும் சேதம் இல்லை. பிறகு பெட்டி அடுக்கைப் பார்த்தேன், அதில் மோதினேன். பூனைகளைப் பார்த்தேன். அவை மதிலை விட்டு இறங்கி ரோட்டுப் பக்கம் போய்விட்டன.

கை வேறு பிடிவாதமாகச் சுக்கானைத் தள்ளியது. டிரைவர் கத்திப் பார்த்தான். "கைய வுடு, கைய வுடு" என்றான். நான் இரண்டு கையையும் விட்டேன். அது அவன் சொன்ன அர்த்தம் இல்லையாம்.

செய்தி மச்சான் காதுக்குப் போனது. ஒரு நாள் அவன் வந்து, யார்டு கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். சுண்டல் பொட்டலம் வேறு. "நீ ஓட்டு மாமா, நான் சும்மா பாத்துகினு இருக்கேன்" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியைக் கிளப்பினேன். இடது பக்கம் வளைத்தேன், பின் சக்கரம் கிளம்பியது. என் கண் மச்சான் மேல் இருந்தது. அவன் வாயில் சுண்டல் போய்க்கொண்டிருந்தது. பிரேக் நினைவுக்கு வரவில்லை, சுக்கான் நினைவுக்கு வரவில்லை. கை தளர்ந்து கிடந்தது, ஆக்சிலேட்டர் இருந்தபடி இருந்தது. வண்டி ஒரு உதறு உதறி நிமிர்ந்து, நேராக அவனை நோக்கிப் போனது. அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். நான் அவன் கால் விரலுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"பேஜாரு புடிச்ச மனுசா" என்றான் தரையிலிருந்து.

டிரைவர் கைதட்டினான். "இவரு டெய்லியும் இங்கியே குந்தட்டும் நைனா. இவர மாதிரி குறி கெடைக்காது."

அன்றிலிருந்து மச்சான் தினமும் வந்தான். ஏன் வந்தான் என்று எனக்குப் புரியவில்லை. பயந்தவன் வரமாட்டான். ஒருவேளை சும்மா இருக்கிறவனுக்கு உயிர் போகிற வேலை ஒன்று தேவைப்பட்டிருக்கலாம். நாற்காலியை ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் போட்டோம். அவன் எங்கே இருந்தாலும் வண்டி வழுக்கி, நிமிர்ந்து, அவனிடம் போய் நின்றது.

இதை அவனே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாலை என் மனைவி யார்டுக்கு வந்தாள். தரையைப் பார்த்தாள், மூக்கைப் பொத்தினாள். "கலீஜ் பண்ணி வெச்சிகிறியே" என்றாள். நான் வழுக்கிக் காட்டினேன். நல்ல வழுக்கல். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நீ தனியா வழுக்குற. நான் குந்திகினு இருக்க சொல்லோ வழுக்கு. அப்பதான் நம்புவேன்."

டிரைவர் பதறிவிட்டான். "அம்மா, குந்தறதா இருந்தா ரெண்டு பக்கமும் கால் போட்டு குந்து. ஒரு பக்கமா குந்தினா வெயிட்டு எல்லாம் லெப்ட்டுல வந்துரும்."

"எங்கம்மா அப்டி குந்தல, நான் குந்துவனா? அந்த ஆரஞ்சு சட்ட எனக்கும் ஒண்ணு எடு."

சேலை மேல் இன்னொரு லைஃப் ஜாக்கெட் போட்டாள், ஹெல்மெட் போட்டாள், இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். கை என் காலருக்கு வந்தது. லைஃப் ஜாக்கெட்டில் காலர் தடிமனாக இருக்கும், அதைத் துழாவிப் பிடித்தாள்.

வண்டியை வளைத்தேன். அவள் எடை இடது பக்கம், பின் சக்கரம் வலது பக்கம். இதுவரை வராத மாதிரி ஒரு வழுக்கல் வந்தது. நான் மச்சானைப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை வைத்தபடி வைத்திருந்தேன். கையை இறுக்கவில்லை. ஆனாலும் வண்டி இடது பக்கம் படுக்கப் பார்த்தது. அப்போது என் கழுத்து பின்னால் இழுபட்டது. அவள் காலரைப் பிடித்துத் தொங்கியபடி உடம்பு முழுவதையும் வலது பக்கம் வெளியே சாய்த்துவிட்டாள். காற்றில் சாயும் கட்டுமரத்தில் எதிர்ப்பக்கம் சாய்வது போல. அவளும் கரைக்காரப் பெண்தான், அவள் உடம்புக்கும் அது மறக்கவில்லை. வண்டி உதறி நிமிர்ந்தது. மச்சான் நாற்காலியை விட்டு ஓடினான்.

"வுழல" என்றாள் அவள். பிறகு, "இன்னொரு தபா" என்றாள்.

இருட்டும்வரை வழுக்கினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மகள் வீட்டுக்கு என் வண்டியில் வந்தாள். ஒரு நிபந்தனை, லைஃப் ஜாக்கெட் இருவருக்கும். சர்ச் வாசலில் பார்த்தவர்கள் புயல் அறிவிப்பு வந்துவிட்டதா என்று கேட்டார்கள். மழை பெய்து விட்டிருந்தது. திருவொற்றியூரில் எண்ணூர் பெரிய ரோட்டிலிருந்து மகள் தெருவுக்குள் திரும்பும் இடத்தில் கண்டெய்னர் டிரைலர்கள் இழுத்துவந்த சேறு. இடது பக்கம் வளைத்தேன். பின் சக்கரம் கிளம்பியது. மச்சான் இல்லை, ஆகவே தெருக்கோடியில் மகள் வீட்டுப் பச்சை கேட்டைப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை விடவில்லை. கழுத்து இழுபட்டது. வண்டி நிமிர்ந்து தெருவுக்குள் போனது. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள்.

என் மனைவி இறங்கி, ஜாக்கெட்டைக் கழற்றாமலே அவர்களிடம் சொன்னாள்: "பாத்தீங்களா, எப்டி நிமித்தினேன்."

சீட்டு நிறைந்துவிட்டது, அதில் எனக்குக் குறை இல்லை. தினமும் வருகிறாள். மச்சான் ஸ்கூட்டரில் இப்போது ஏறுவதில்லை, சப்பென்று இருக்கிறதாம். என் குறை வேறு. மீன் வேன் டிரைவர், நான்தான் நைனாவுக்குக் கற்றுக்கொடுத்தேன் என்று ஐஸ் ஏற்ற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறான். மச்சான், நான் உயிரைக் கொடுத்து உட்கார்ந்தேன் என்கிறான். இரண்டுமே உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மனைவி சர்ச் வாசலில் பெண்களிடம் சொல்லும் கதையைப் பக்கத்தில் நின்று கேட்டேன். சேறு வருகிறது, டிரைலர் வருகிறது, வண்டி வழுக்குகிறது, அவள் சாய்கிறாள், வண்டி நிமிர்கிறது. முழுக் கதையிலும் வண்டியில் நான் இல்லை. வண்டி தானாக வந்திருக்கிறது.

இதில் நான் எங்கே என்று அவளிடமே கேட்டேன். "நீ இருந்தன்னு தெரியாதா அவங்களுக்கு? வண்டி பின்ன எப்டி வரும்?" என்றாள்.

தெரிந்தால் போதாது, சொல்ல வேண்டும். அவள் சாய்ந்தது சரிதான். சாய்ந்த நேரம் முழுவதும் பிரேக்கைத் தொடாமல் இருந்த விரல் என்னுடையது. மூடத் துடித்தும் மூடாமல் ஆக்சிலேட்டரைப் பிடித்திருந்த கை என்னுடையது. அவள் சாய்வதற்குப் பிடித்துக்கொண்ட கழுத்து, அதுவும் என்னுடையது, இன்னும் வலிக்கிறது. இனி அந்தக் கதையை யார் எங்கே சொன்னாலும், அவள் சாய்ந்தாள் என்று வரும் இடத்துக்கு முன்னால், அவர் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மனைவியும் சேர்த்துத்தான்.