சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த படகு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். கரண்ட் இருந்தால் ரேடியோவில் சத்தம் வரும், இல்லாவிட்டால் வராது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்களும் நம்பப்போவதில்லை. ஆனாலும் கேளுங்கள், இதைச் சொல்லும்போது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது.

இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். லிந்துலைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு கோபுரம், அதன் அடியில் ஒரே கட்டடத்தில் இரண்டு அறைகள். என் அறை ஒரு அரசாங்கத் திணைக்களத்துடையது. மீன்பிடிப் படகுகள் ரேடியோவில் பேசுவதைக் கேட்டுக் கொழும்புக்குச் சொல்வது என் வேலை. பக்கத்து அறை இன்னொரு திணைக்களத்துடையது. கரையோர ராடாரில் அகப்படும் படகுகள் எல்லாம் அங்கே திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவர்கள் பார்ப்பது எங்களுக்குத் தெரியக்கூடாது, நாங்கள் கேட்பது அவர்களுக்குப் போகக்கூடாது. நடுவே ஒரு பலகைச் சுவர். கடல் ஒன்றுதானே என்று கேட்டால் சட்டம் பேசுவார்கள்.

என் மாமா மகன் செல்வம் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு நீர்கொழும்புக்குப் போய்ப் படகில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அந்த மழை மாதத்தில் அவன் போன படகு திரும்பவில்லை. பக்கத்து அறை அதிகாரி சிவனேசன் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் திரையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சியபோதெல்லாம், "மேலிட அனுமதி இல்லாமல் சொல்லேலாது தம்பி" என்பார்.

அந்த வாரமே இடி விழுந்து என் அறையில் கரண்ட் போனது. பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடியது, அதிலிருந்து ஒரு வயர் இழுக்கவும் அனுமதி இல்லை. பேட்டரியைக் கழற்றி டவுனுக்குச் சார்ஜ் போட அனுப்பிவிட்டு, மத்தியான நேரம், பனி மூடிய ஜன்னலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கம்பிகூட மாட்டாத அந்த ரேடியோ கரகரத்தது.

"மச்சான், எஞ்சின் நின்னுபோச்சு. தண்ணி ஏறுது. இன்னும் மூணு பேரு இருக்காங்க." செல்வத்தின் குரலேதான். படகு நிற்கும் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு இரண்டையும் நிதானமாகச் சொன்னான். பிறகு, "பக்கத்து ரூம்ல இருக்கவருகிட்ட சொல்லு மச்சான். அவரு பாத்துக்கிட்டுத்தானே இருக்காரு" என்றான்.

மைக்கைப் பிடித்து, "பொறுடா, ஆளு அனுப்புறோம்" என்று கத்திவிட்டு ஓடினேன்.

சிவனேசன் நான் சொன்ன இடத்தைத் திரையில் தேடினார். அங்கே ஒரு புள்ளி இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"இது உமக்கு ஆர் சொன்னது?"

"செல்வம் சொன்னான் சேர். ரேடியோவுல."

"உம்மட ரேடியோவுக்குக் கரண்டே இல்லையே?"

உடனே மேலிடத்துக்குப் போன் செய்தார். அவர்கள் கடலுக்குப் படகு அனுப்பவில்லை, எங்களிடம் ஜீப் அனுப்பினார்கள். இரகசியத் தகவல் என் கைக்கு எப்படி வந்தது, யார் கொடுத்தது என்று என்னைக் குடைந்தார்கள். "மொதல்ல அங்க ஒரு போட்ட அனுப்புங்க, அப்புறம் என்னைய உள்ள தள்ளுங்க!" என்று கத்தினேன். புரியாமல் போய்விடக்கூடாதே என்று சிங்களத்திலும் கத்தினேன். நன்றாகத்தான் புரிந்தது அவர்களுக்கு.

கடைசியில், பல நாள் கழித்து அந்த வழியே போன ஒரு சரக்குக் கப்பல்தான் படகைக் கண்டது. அந்தோனி என்ற மீனவர் மட்டும் உயிரோடிருந்தார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, செல்வம் ரேடியோவில் பேசியதைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படகின் ரேடியோவை முதல் அலையே அடித்துக்கொண்டு போய்விட்டதாம். செல்வத்தையும் அதே அலைதான் கொண்டுபோனதாம்.

"ஆனா உங்க குரல் எனக்குத் தெரியும்" என்றார் அந்தோனி. "தினமும் மத்தியானம் தண்ணிக்குள்ள இருந்து கேட்டுச்சு. பொறுடா, ஆளு அனுப்புறோம்னு. ஒரு நாள் தூரத்துல கரைகூடத் தெரிஞ்சது. அந்தக் குரல நம்பித்தான் நாங்க நீந்தாம இருந்தோம்."

நான் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதுவும் உயிரில்லாத மைக்கில்.